ஆறாங்கட்டைப் பாலம்

வரைபடத்தில் அதற்குச் சுங்கை செமிலிர் என்று பெயர்.
சடக்கின் ஆறாவது மைலில் குறுக்கிடுவதால்
நாங்கள் ஆறாங்கட்டை ஆறு என்போம்.
ஒரே சொல்லை இரண்டு தரம் சொல்வதில்
எங்களுக்குக் கூச்சமில்லை.

பாலத்துத் தூணில் அறைந்திருக்கும்
இரும்புப் பலகையின் எண்ணைப் படிப்பவள் நான்.
காலை ஏழு, மாலை ஐந்து.
நீர்ப்பாசன இலாகா மாதம் நூற்றைம்பது வெள்ளி தருகிறது.
பதினேழு வருடமாக
ஆற்றை நான் இடுப்புக்குக் கீழேதான் அறிவேன்:
பூஜ்யம் புள்ளி ஆறு இரண்டு,
பூஜ்யம் புள்ளி ஐந்து ஒன்பது.

தலை எங்கே என்று ஒரேயொரு தடவை போய்ப் பார்த்தேன்.
செம்பனை முடிகிற இருபத்துமூன்றாம் தீம்பாருக்கு மேலே
மர லோரிகளின் தடம்,
தடமும் முடிகிற இடத்தில் தெமியார்க் கம்பம்.
அங்கே அந்தாக் என்பவர்
பாறைக்கடியில் இருந்த பாசியை உள்ளங்கையால் அழுத்தினார்.
சொட்டியது.
‘இதுதான்’ என்றார்.
பலகை வைக்க இடம் தேடினேன்,
பழக்க தோஷம்.

அங்கிருந்து இறங்கும்போது அது அவசரக்காரி.
கருங்கல்லில் விழுந்து எழுந்து,
மூங்கில் வேரைக் கடித்துத் துப்பி,
மூடிக் கிடக்கும் ரப்பர் ஆலைக்குப் பின்னால்
காரணமில்லாமல் ஒரு வளைவு.
வளைவுக்குள் நாலாம் நம்பர் லயத்துச் சுடுகாடு.
(காரணமில்லாமல் என்று சொல்லக்கூடாதோ என்னவோ.)
பிறகு பழைய ஈயக்குட்டைகள்.
அங்கே நடையைக் குறைக்கிறது,
தன்னைவிட ஆழமானவர்கள் நடுவே
தெரியாமல் வந்துவிட்டவளைப் போல.
டவுனைத் தொடும்போது சிவந்திருக்கும்.
ஆ கியோங்கின் மணல் பம்பு,
பசாரில் உரித்த கோழியின் இறகு,
வாரத்தில் மூன்று நாள் எண்ணெய் ஆலையின் படலம்
எல்லாம் வாங்கிக்கொண்டு
என்னிடம் வருகிறது, எண்ணாக.

பாலத்துக்கு அந்தப் பக்கம் முப்பத்தெட்டு கிலோமீட்டரில்
பெரிய ஆற்றில் சேர்ந்து
பெயரையும் கொடுத்துவிடுமாம்.
நான் போனதில்லை. பஸ் கிடையாது.

டிசம்பரில் மூன்று இரவு மழை.
பலகையின் உச்சி மூன்று மீட்டர், அதற்கு மேல் எண் இல்லை.
இரண்டாம் இரவு டார்ச் அடித்தேன்.
போனில் சொன்னேன்: ‘எண் முடிந்துவிட்டது.’
‘தோராயமாக?’ என்றான் இலாகாப் பையன்.
ஒரு செம்பனை, குலையோடு,
நின்றவாக்கில் போய்க்கொண்டிருந்தது.
அதைச் சொன்னேன்.
எழுதிக்கொண்டானா தெரியாது.

வெயில் வந்த நாள்
பாலத்தில் போய் நின்றால் கீழே மணல்.
பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை.
எண்பது அடி தள்ளி,
சடக்கை அறுத்துவிட்டு,
மோகனசுந்தரத்தின் வாழைக்கொல்லை நடுவே
பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பதுபோல்
ஓடிக்கொண்டிருந்தது ஆறு.

ஆற்றின் நடுதான் மாவட்ட எல்லை.
மோகனசுந்தரம் ஒரு மாவட்டத்தில் எழுந்து
இன்னொன்றில் கோழிக்குத் தீனி போடுகிறார்.
இடக்கரை முனியாண்டி
இருந்த இடத்திலிருந்தே வலக்கரைக்கு வந்துவிட்டார்.
திருவிழா பெர்மிட்டுக்கு எந்த ஆபீஸ் என்று
கமிட்டித் தலைவர் இன்னும் அலைகிறார்.

கடிதம் போட்டேன். பதில் வந்தது:
அளவெடுக்க ஆள் வரும்,
அதுவரை வழக்கம்போல் வாசிக்கவும்.

வாசிக்கிறேன்.
காலை, பூஜ்யம்.
மாலை, பூஜ்யம்.
படிவத்தின் ஓரத்தில் ‘குறிப்பு’ என்றொரு கட்டம்,
பதினேழு வருடமும் காலியாக விட்டது.
வாசித்த கையோடு வாழைக்கொல்லைக்குப் போய்
கைலியைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறேன்.
திரும்பி வந்து அதில் எழுதுகிறேன்:
இன்று கணுக்கால்.
இன்று முழங்காலுக்கு இரண்டு விரல் மேலே, கலங்கல்.
இன்று முழங்கால். காலை ஏதோ கடித்தது, மீன்தான்.

மாதக் கடைசியில் போன்.
‘பூங்காவனம், குறிப்பில் அலகு இல்லை.
யாருடைய முழங்கால்?’

என்னுடையது என்றேன்.
‘நிற்கும் உயரம் ஐந்தடி ஓரங்குலம்.
எழுதிக்கொள்ளுங்கள்.’